பேட்டரிக்காரர் வீட்டு மென்னீர்

"என் உயிரே போனாலும் சரி, அந்த ஃபில்டரை மாத்த விடமாட்டேன்" என்று பேட்டரிக்காரர் சபதம் எடுத்தார்.

சபதம் எடுத்த இடம் அவருடைய கடை. எதிரே உட்கார்ந்து கேட்டது ஒரு லாரி பேட்டரி. அதற்கும் அன்று உயிர் இல்லை. ஆகவே மறுப்பு எதுவும் வரவில்லை. இதே சபதத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் மனுஷனுக்குக் கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

தண்ணீர் ஃபில்டருக்காக ஒருத்தர் உயிரைப் பணயம் வைப்பாரா? வைப்பார். அவருக்கு வாய்த்த மனைவி அப்படி.

அவர் மனைவி தலைமையாசிரியை. மனதுக்குள் 'தலைமையம்மா' என்றுதான் கூப்பிடுவார். வெளியே கூப்பிட வேண்டிய அவசியமே வந்ததில்லை. அவள் கூப்பிடுவாள், இவர் போவார். பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள். ஆனால் அவள் மட்டும் உட்கார மாட்டாள். பள்ளியில் வராந்தா வராந்தாவாக நடப்பாள். வீட்டுக்கு வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஹாலில் நடப்பாள். யாரோ ஒரு பையன் ஹோம்வொர்க் செய்யவில்லை, யாரோ ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், யாரோ ஒரு அப்பாவுக்குக் கோபம். ஊரில் இருக்கிற எல்லா அப்பா அம்மாவிடமும் பேசி முடித்து, விடைத்தாள் கட்டை மடியில் போட்டுக்கொண்ட பிறகு, சொந்த வீட்டுக்காரரிடம் பேச மீதி என்ன இருக்கும்?

மகள் வீட்டில் இருந்தவரை இது தெரியவில்லை. அவள் பாத்ரூமில் பாடுவாள், பாத்திரத்தைப் போடுவாள், கதவை அறைவாள். வீடு ஜேஜே என்று இருக்கும். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு கணவன் மனைவி பேச்சு என்பது, "கதவப் பூட்டினீங்களா?", "ம்" என்ற அளவுக்கு வந்து நின்றது. பூட்டுகிற சத்தம் காதில் விழுந்துவிட்டால் அதுவும் மிச்சம்.

இந்த நிலைமையில்தான் ஃபில்டர் உள்ளே வருகிறது.

சமையலறைத் தொட்டிக்கு அடியில் பொருத்தியிருந்தார்கள். அடியில் வெள்ளைக் குழாய் போல ஒரு கூடு, அதற்குள் ஒரு ஃபில்டர், தொட்டிக்கு மேலே வளைந்த கழுத்தோடு ஒல்லியாக ஒரு குழாய். தினமும் சாயங்காலம் அந்தக் குழாயில் பெரிய ஜக்கு ஒன்றைப் பிடித்து மேஜையில் வைப்பது தலைமையம்மாவின் வேலை. அப்போது மட்டும் போன் கையில் இருக்காது. ஒருமுறை போன் தொட்டியில் விழுந்து நீச்சல் பழகியதிலிருந்து, சமையலறைக்குள் அதற்கு அனுமதி இல்லை.

ஆக, நாள் முழுவதிலும் அவள் அவருக்குக் கிடைப்பது ஒரு ஜக்கு நிரம்புகிற நேரம்.

புது ஃபில்டராக இருந்தபோது தண்ணீர் சோவென்று கொட்டியது. "இன்னைக்கு ஸ்கூல்ல அந்த டிரில் மாஸ்டர்..." என்று அவள் ஆரம்பிப்பாள். ஜக்கு நிரம்பிவிடும். அவள் போய்விடுவாள். டிரில் மாஸ்டர் என்ன ஆனார் என்று இவர் இரவெல்லாம் யோசிப்பார். வாக்கியத்தில் எழுவாய் கிடைக்கும், பயனிலை கிடைக்காது. தமிழ் வாத்தியார் மாதிரி சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். மனுஷன் நிஜமாகவே பயனிலைக்கு ஏங்கிப் போயிருந்தார்.

கொஞ்ச நாளில் தண்ணீரின் வேகம் குறைந்தது. ஜக்கு நிதானமாக நிரம்பியது. ஒருநாள் அவள் காத்துக்கொண்டு நிற்கும்போது ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். பேட்டரிக்காரர் தன்னையும் அறியாமல், "காலு வலிக்குதா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதோடு நில்லாமல் ஒரு ஸ்டூலையும் கொண்டுவந்து போட்டார். அவள் அந்த ஸ்டூலை ஒருமாதிரி பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்தாள். மறுநாள் இவருக்கும் ஒரு ஸ்டூல் வந்தது.

தண்ணீர் மெதுவாக மெதுவாக, பேச்சு வளர்ந்தது. டிரில் மாஸ்டர் விசிலை விழுங்கிவிட்ட மாதிரி நடித்துப் பிள்ளைகளைப் பயமுறுத்திய கதை முழுசாகக் கிடைத்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதை அவள் நடந்தே காட்டினாள். அவளுக்கு இப்படி நடிக்க வரும் என்பதே இவருக்குத் தெரியாது. ஒருநாள் அவள், பாத்ரூம் கதவு மூடியிருந்தால் உள்ளே மகள் பாடுகிற மாதிரியே இருக்கிறது, வெளியே நின்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன் என்றாள். அதே கதவுக்கு வெளியே பேட்டரிக்காரரும் நின்றிருக்கிறார். தனக்கு மட்டும்தான் அந்தப் பைத்தியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

அந்த ஜக்கு நேரம்தான் அவருடைய நாளின் சம்பளம் என்று ஆகிவிட்டது. இப்போது சொல்லுங்கள், அந்த ஃபில்டரை மாற்ற விடுவாரா?

வில்லன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைக்கில் வந்து இறங்கினான். தலைமையம்மாவின் தம்பி. ஃபில்டர் கம்பெனியில் வேலை; வீடு வீடாகப் போய் ஃபில்டர் மாட்டுவது, மாற்றுவது. நல்ல பையன்தான். ஆனால் கண் சும்மா இருக்காது. தாகம் என்று டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்தான். பிடித்தான், பிடித்தான், பிடித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் குனிந்து குழாயிடம் காதைக் கொடுத்தான்.

"அக்கா, இது தண்ணி வருதா, இல்ல அழுவுதா?"

மச்சினன் கெட்டிலைத் திறந்து பார்த்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாயின் வாயை விரலால் தேய்த்தான். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான். ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சாதாரணத் தண்ணீருக்கு. இங்கே வருவது ஹார்டு வாட்டர், சுண்ணாம்பு உப்பு கலந்த தண்ணீர். அந்தச் சுண்ணாம்பு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். இந்த வீட்டில் ஒரு ஃபில்டர் மூன்று மாதம் தாங்கினால் பெரிய விஷயம் என்று விளக்கம் கொடுத்தான்.

"தண்ணி எப்படி மாப்ள ஹார்டாகும்?" என்றார் பேட்டரிக்காரர். "ஹார்டா இருந்தா அது ஐஸ்கட்டி."

மச்சினன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அது கடின நீர், அதற்கு எதிர்ப்பதம் மென்னீர், இரண்டும் பள்ளிப் பாடத்திலேயே வருகிறது என்று திருத்தினாள்.

மென்னீர்! ஆற்றில் போகிறவன் கையில் கட்டை சிக்கியது. பேட்டரிக்காரர் பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா நம்ம வீட்டுல வர்றது மென்னீர்தான்."

"வெந்நீரா? ஹீட்டரே போடலயே மாமா."

"வெந்நீர் இல்ல மாப்ள. மென்னீர். மென்மையான நீர்."

"ஓ. நான் மென்னு குடிக்கிற நீர்னு நினைச்சேன்."

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தலைமையம்மா கேட்டாள். நாக்கு சொல்கிறது என்றார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சர்க்கரையே போடாத டீய 'நல்லாருக்கு'ன்னு குடிச்சு முடிச்ச நாக்குதான அது?"

நல்லாத்தான் இருந்தது என்று பேட்டரிக்காரர் முணுமுணுத்தார். அது பொய் இல்லை. அவள் கையால் வந்தது எதையும் அவர் நாக்கு குறை சொன்னதில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல அது நேரம் இல்லை.

கடைசியில் தலைமையம்மா தீர்ப்பு சொன்னாள். வாய்ச்சண்டை வேண்டாம். தம்பி சோதித்துப் பார்க்கும் மருந்தைக் கொண்டு வரட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. கடின நீர் என்று தெரிந்தால் அன்றைக்கே ஃபில்டரை மாற்ற வேண்டும். மென்னீர் என்று தெரிந்தால் ஆறு மாதம் முடிகிறவரை இருக்கட்டும்.

மறுநாள் கடையில் எடுத்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன சபதம்.

சபதம் எடுப்பது சுலபம், வேலை செய்வதுதான் கஷ்டம். தலைமையம்மா பள்ளிக்குப் போன நேரம் பார்த்துக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். கெட்டிலில் வினிகரை ஊற்றிக் கொதிக்க விட்டுத் தேய்த்தார். கெட்டில் கல்யாணப் பெண் மாதிரி பளபளத்தது; அன்றைக்கு டீ மட்டும் புளித்தது. குழாயின் வாயில் இருந்த வெள்ளையை ஒரு பழைய பிரஷால் சுரண்டினார். அது தன்னுடைய பழைய பிரஷ் இல்லை, தன்னுடைய புது பிரஷ் என்பது மறுநாள் காலையில் வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. கடின நீரில் சோப்பு நுரைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கை கழுவும் சோப்பு பாட்டிலில் தன் ஷாம்பூவைப் பாதி கலந்து வைத்தார். அன்று சாயங்காலம் கை கழுவிய தலைமையம்மாவுக்கு முழங்கை வரைக்கும் நுரை ஏறியது.

"என்னங்க இது, ஆட்டுக்குட்டி முடி மாதிரி நுரைக்குது?"

"மென்னீர்ல அப்படித்தாம்மா."

அவள் நுரைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். அந்த 'சரிங்க'வைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடுங்குவார்கள். பேட்டரிக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அனுபவம் போதாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் வைத்திருந்த ஆயுதம் வேறு. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் இருக்கிறதே, அது காய்ச்சி ஆவியாக்கி வடித்த தண்ணீர். உப்பு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கடையில் கேன் கேனாக இருக்கிறது. அதில் ஒரு பாட்டில் சாப்பாட்டுப் பையில் ஒளிந்து வீட்டுக்கு வந்து, பாத்ரூமில் இருந்த வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தலைமறைவாக இருந்தது.

ஞாயிறு வந்தது. மச்சினனும் வந்தான். மேஜைமேல் கண்ணாடிக் குப்பியும் குட்டிக் குட்டி மருந்துப் புட்டிகளும் பரப்பினான். முதல் மருந்தை விட்டால் தண்ணீர் சிவக்கும். அப்புறம் இரண்டாவது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எவ்வளவு சொட்டுக்கு நீலமாக மாறுகிறதோ அவ்வளவு கடினம் என்று சொல்லிக் கொடுத்தான். ஃபில்டருக்குள் போகாத, நேரடிக் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்றான்.

"நான் பிடிச்சிட்டு வர்றேன்" என்று பேட்டரிக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. கல்யாணத்தன்றுகூட மனுஷன் அவ்வளவு வேகமாக எழுந்ததில்லை. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தின் மறைவில் குப்பி நிறைந்தது, வேறு தண்ணீரால்.

மச்சினன் முதல் மருந்தை விட்டான். தண்ணீர் சிவக்கவில்லை. நேராக நீலத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது மருந்தின் மூடியைத் திறக்கவே வேலை இல்லை. குலுக்கிப் பார்த்தான். இன்னொரு முறை செய்து பார்த்தான். நீலம்தான்.

"மாமா," என்றான் குப்பியைக் கும்பிடாத குறையாக. "இப்படி ஒரு தண்ணிய என் சர்வீஸ்ல பாத்ததே இல்ல. மழைத்தண்ணிகூட இவ்வளவு சுத்தமா இருக்காது."

அவன் உற்சாகம் எல்லை மீறிப் போனது. மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், பெரிய மெஷின் வைத்துச் சோதிக்கலாம், இந்த வீட்டைப் படம் பிடித்துக் கம்பெனி சுவரில் மாட்டலாம், மாமாவைக் குழாய் பக்கத்தில் நிற்க வைக்கலாம் என்று அடுக்கினான். பேட்டரிக்காரர் போட்ட கணக்கு இது இல்லை. கொஞ்சம் ஜெயித்திருந்தால் போதும். இது அதிகம்.

தலைமையம்மா குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "நூத்துக்கு நூறு" என்று மட்டும் சொன்னாள். பிறகு, தம்பிக்கு டீயோடு கொடுக்க பிஸ்கட் இல்லை, கடைத்தெருக் கோடியில் இருக்கும் பேக்கரியில்தான் நன்றாக இருக்கும், போய் வாங்கி வாருங்கள் என்று கணவரை அனுப்பினாள்.

போகும்போது முழுவதும் மேனேஜர்தான் மனதில். ஆள் உயரமா, குட்டையா, மீசை உண்டா என்றுகூட யோசித்துவிட்டார். திரும்பி வந்தபோது ஆச்சரியம், மச்சினன் மேனேஜர் பேச்சையே எடுக்கவில்லை. பிஸ்கட்டைத் தின்றான், டீயைக் குடித்தான், மாமா கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பைக்கை உதைத்தான். அதற்குப் பிறகு மேனேஜர் வரவே இல்லை. கடவுள் இருக்கிறார் என்று பேட்டரிக்காரர் முடிவுக்கு வந்தார்.

அதற்கப்புறம் பொற்காலம். தண்ணீர் முன்னைவிட ஒல்லியாக, நூல் மாதிரி வந்தது. ஜக்கு நிரம்புவதற்குள் ஒரு நாடகமே போடலாம். இரண்டு ஸ்டூலும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன.

ஒரே ஒரு தொல்லை. தலைமையம்மாவுக்குத் திடீரென்று மென்னீர்மேல் ஆர்வம் வந்துவிட்டது. ஊர் முழுக்க உப்புத் தண்ணீர் வரும்போது நம் தெருவுக்கு மட்டும் எப்படி இப்படி வருகிறது என்று தினமும் கேட்டாள். அவர் என்ன செய்வார் பாவம், தெருவுக்கு அடியில் ஒரு மணல் படுகை இருக்கிறது என்று ஆரம்பித்தார். அது யாருக்குத் தெரியும் என்றாள். பழைய காலத்தில் குழாய் பதித்த ஒருவர் கண்டுபிடித்தது என்றார். அவர் யார் என்றாள். அவருக்கு ஒரு காது கேட்காது, மண்ணில் காதை வைத்தால் மட்டும் கேட்கும் என்றார். எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஆயுள் முழுக்க 'ம்' கொட்டியே காலத்தை ஓட்டிய மனுஷன், கடையில் வேலைக்கு நடுவே அடுத்த நாள் பகுதியை யோசிக்க ஆரம்பித்தார். செவிட்டுக் குழாய்க்காரருக்குக் காதல் வந்தது, கல்யாணம் நின்றது, மாமனார் கிணறு வற்றியது. தலைமையம்மா கன்னத்தில் கையை வைத்துக் கேட்டாள். "அப்புறம்?" என்றாள். அவரைப் பார்த்து அவள் 'அப்புறம்' என்று கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! அந்த ஒரு சொல்லுக்காக அவர் இன்னும் பத்துக் கிணற்றை வற்ற வைப்பார்.

இப்படியே போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பள்ளியில் விளையாட்டு விழா வந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் வெயிலில் கறுத்து, கால் வீங்கி, தலைவலி வேறு. நேராகச் சமையலறைக்குப் போனாள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்தாள். நூல் இறங்கியது. அவள் கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். டம்ளரின் அடியில் கொஞ்சம் சேர்ந்ததும், அதற்குமேல் காத்திருக்க முடியாமல் அந்த ஒரு வாய்த் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். அது தொண்டையில் நின்றிருக்க வேண்டும். கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். கதவருகே நின்று கவனித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "ஒண்ணுமில்லங்க, சொல்லுங்க, கிணறு என்னாச்சு?" என்றாள்.

பேட்டரிக்காரருக்குக் கிணறு மறந்தே போனது. 'நான் பேச்சுக் கேட்க வேண்டும் என்பதற்காக இவளை ஒரு டம்ளர் தண்ணீருக்குக் காக்க வைத்துவிட்டேனே' என்று நெஞ்சில் யாரோ குத்தின மாதிரி இருந்தது. அடைத்துப்போன ஃபில்டர் வழியாக வரும் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறதா என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அதையும் அவள்தான் குடிக்கிறாள்.

போதும் என்று முடிவு செய்தார். சாயங்காலம் போனால் போகட்டும். பேச்சும் போகட்டும். பயனிலை இல்லாமலேயே மீதிக் காலத்தை ஓட்டிவிடலாம்.

மச்சினனிடம் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று, மறுநாள் ஊரின் அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கடைக்குப் போனார். ஃபில்டரை எடுத்துக் கொடுத்த கடைக்காரர், உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி, ஹார்டா, சாஃப்டா என்று கேட்டார். பேட்டரிக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஹார்டு. ரொம்ப ஹார்டு" என்றார். சொன்னதும் மனதில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. அப்படியானால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், மூன்று மாதத்தில் மாற்றிவிடுங்கள், மாதிரித் தண்ணீர் கொண்டு வந்தால் சோதித்துச் சொல்கிறேன் என்றார் கடைக்காரர். சோதனை என்ற வார்த்தையைக் கேட்டதும் பேட்டரிக்காரர் நடையைக் கட்டிவிட்டார்.

அவள் பள்ளியில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, வீட்டுக்கான பெரிய குழாயை மூடினார். தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஃபில்டர் கூட்டைத் திருகிக் கழற்றினார். உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் அவர் சட்டையில் பாதியை நனைத்தது. அது பரவாயில்லை. பழைய ஃபில்டர் பழுப்பேறி, சுண்ணாம்பு படிந்து, பார்க்கவே சகிக்காமல் இருக்கும் என்று முகத்தைத் தயாராகச் சுளித்துக்கொண்டு வெளியே இழுத்தார்.

வெள்ளை வெளேர் என்று இருந்தது.

வாங்கி வந்த புதியதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. தரையில் சிந்திய தண்ணீரில் இரண்டும் நனைந்து, கொஞ்ச நேரத்தில் எது பழையது, எது புதியது என்று அவருக்கே குழம்பிவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றை உள்ளே வைத்துத் திருகினார். பெரிய குழாயைத் திறந்துவிட்டு வந்து, ஜக்கை அடியில் வைத்துத் தொட்டிக் குழாயைத் திருப்பினார்.

நூல்.

பேட்டரிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். புது ஃபில்டர். ஆனாலும் நூல். தான் செய்த பாவத்துக்குத் தண்ணீரே தண்டனை கொடுக்கிறது என்று நினைத்தார். கடைத்தெருவில் எல்லாரும் அவரைப் புத்திசாலி என்பார்கள். செத்த பேட்டரியைத் தொட்டே வியாதி சொல்வார். இங்கே ஈரச் சட்டையோடு, இரண்டு ஃபில்டருக்கு நடுவில், ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் தலைமையம்மா வந்து நின்றாள். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"நான் உன்ன ஏமாத்திட்டேம்மா" என்றார்.

"எதுலங்க? வரிசையா சொல்லுங்க."

வரிசையாகச் சொன்னார். கெட்டில், பிரஷ், ஷாம்பூ, பேட்டரித் தண்ணீர். செவிட்டுக் குழாய்க்காரர் பிறக்கவே இல்லை என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் துக்கமாக இருந்தது.

"எதுக்கு இவ்வளவும்?"

அவர் தரையைப் பார்த்தார். "ஜக்கு சீக்கிரம் ரொம்பிட்டா நீ எழுந்து போயிடுவ. நீ போயிட்டா எனக்கு நல்லாவே இல்லம்மா. நீ பேசறதக் கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு. அதுக்காக உன்னத் தாகத்தோட நிக்க வச்சுட்டேன். நேத்து அந்த மாத்திரைய நீ முழுங்கினத என்னால மறக்க முடியல."

தலைமையம்மா பையை இறக்கினாள். ஈரத்தைப் பார்க்காமல் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். தொட்டிக்கு அடியில் கையை விட்டு, குழாய்க்குப் பின்னால் எதையோ தடவிப் பிடித்து ஒரு திருகு திருகினாள். மேலே தண்ணீர் சோவென்று கொட்டியது.

பேட்டரிக்காரர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இங்க ஒரு வால்வு இருக்குங்க" என்றாள் அவள். "ஃபில்டர நீங்க பிஸ்கட் வாங்கப் போன அன்னைக்கே தம்பி மாத்திட்டான். அடைச்ச ஃபில்டர் தண்ணியக் குடிச்சு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரப் போய்க் கேக்கறது? அப்புறம் வால்வ நான்தான் திருகி வச்சேன். புது ஃபில்டர்ல ஜக்கு பட்டுனு ரொம்பிடுமே. ரொம்பினா நீங்க டிவி முன்னாடி போய் உக்காந்துக்குவீங்க."

மேனேஜர் வராத காரணமும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் மானம் முக்கியம் என்று தம்பிக்கு அன்றைக்கே அவள் உண்மையைச் சொல்லி வாயை அடைத்திருக்கிறாள். பரீட்சையில் எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார். அதற்குக் கண்டுபிடிப்பு எதற்கு என்றாள். சுமாராகப் படிக்கிற பையன் திடீரென்று நூற்றுக்கு நூறு வாங்கினால், எந்த வாத்தியாரும் முதலில் அவன் சட்டைப் பையைத்தான் பார்ப்பார். அவள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள்.

"அப்போ நேத்து மாத்திர?"

"பையில பாட்டில் தண்ணி இருந்துச்சுங்க. நீங்க வாசல்ல நின்னு அப்படிப் பாத்துட்டிருந்தீங்க. அத விட்டுட்டு பாட்டில எடுக்க மனசு வரல."

"இவ்வளவும் தெரிஞ்சும் என் கதையெல்லாம் கேட்டுட்டு இருந்தியா?"

"கேக்காம? உங்களுக்குப் பொய் சொல்லும்போதுதாங்க பேச்சே வருது."

தொட்டிக்குள் வைத்திருந்த ஜக்கு எப்போதோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து ஜக்கை எடுத்துவிட்டு, காலி டம்ளர் ஒன்றை வைத்தாள். மறுபடி குனிந்து வால்வைத் திருகினாள். சோவென்று கொட்டிய தண்ணீர் ஒல்லியாகி, நூலானது. இரண்டு ஸ்டூல் சும்மா இருந்தன. இருவரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவள் தலையை அவர் தோளில் சாய்த்தாள். பேட்டரிக்காரருக்கு உடம்பெல்லாம் கரண்ட் பாய்ந்த மாதிரி இருந்தது, தொழில் அப்படி.

ஆனாலும் ஆண்பிள்ளை மனசு லேசில் அடங்காது. எல்லாவற்றிலும் தோற்றாயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் கையில் மிச்சம் இருந்தது. முதல் ஃபில்டர் அடைத்துக்கொண்டபோது, தண்ணீர் மெதுவாக வருவதை முதலில் கவனித்தது அவர். ஸ்டூல் போட்டது அவர். அந்தச் சாயங்காலத்தையே கண்டுபிடித்தது அவர். அந்த ஒரு பெருமையையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டார்.

"சரி, இது நீ பண்ணினது. ஆனா முதல்ல அடைச்சுதே, அது நிஜமாவே உப்புதான?"

அவள் தோளிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்.

"உப்பு பாதிதாங்க. மீதி நான்."